முதல் வருஷமே ‘சிவிக் எங்கேஜ்மென்ட்’ டார்மில் சேர்க்கலாமா?

மார்ச் 14, 2025 – வந்த கேள்வி

மகளுக்கு அமெரிக்காவின் மிட்வெஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஹவுசிங் படிவத்தில் ‘லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி’ என்று ஒரு பக்கம் வருகிறது. அதில் குடிமைப் பங்கேற்பில் ஆர்வமுள்ள முதலாண்டு மாணவர்களுக்கென்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒரே மாடியில் தங்க வேண்டுமாம், சேர்ந்து ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம், வாரத்தில் சில மணி நேரம் ஊருக்குள் போய் வேலை செய்ய வேண்டுமாம். 300 சொல்லில் கட்டுரையும் கேட்கிறார்கள். என் கணவர், “நம்ம என்.எஸ்.எஸ். மாதிரிதான், ரெஸ்யூமேயில் ஒரு வரி” என்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிற பிள்ளைக்கு இது நேர விரயம் இல்லையா? மே 1-க்குள் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 14, இரவு

சேர்க்கலாம். ரெஸ்யூமேக்காக என்றால் வேண்டாம். ஒரு வரிக்காக ஒன்பது மாதத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் 2013 முதல் 2019 வரை இப்படி ஒரு மாடியோடு வாழ்ந்தவள். முதல் மூன்று வருஷம் முதுகலை மாணவியாக அந்த விடுதியிலேயே தங்கி, மாடிகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவர்களான ஆர்.ஏ.க்களைக் கவனித்துக்கொண்டேன். அடுத்த மூன்று வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமை மாலை செமினார் நடத்தினேன். 38 கட்டில்கள், ஒரு லவுஞ்ச், ஒரு சமையலறை. சமையலறையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

என்.எஸ்.எஸ். ஒப்பீடு பாதி சரி. அங்கே இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம். வேலை முடிந்ததும் அவரவர் வழியில் போய்விடுவோம். ஏழு நாள் சிறப்பு முகாம் மட்டும் வேறு மாதிரி. முகாமுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். நட்ட மரம் மறந்திருக்கும். பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்துப் படுத்ததும், யார் தண்ணீர் எடுப்பது என்று சண்டை வந்ததும் மறந்திருக்காது. அந்த ஏழு நாளை ஒன்பது மாதமாக நீட்டினால் எப்படி இருக்கும், அதுதான் இது.

மார்ச் 15, காலை

ராத்திரி பாதியில் நிறுத்திவிட்டேன். இது ஏதோ ஹவுசிங் ஆபீஸ் புதிதாகக் கண்டுபிடித்த விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். 1884-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் என்று ஒரு இல்லம் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பிள்ளைகள் ஏழைகள் வாழும் தெருவிலேயே வந்து குடியிருந்து, அங்கே இருப்பவர்களிடம் கற்றுக்கொண்டு, தங்களால் ஆனதைச் செய்வது என்பது ஏற்பாடு. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான அட்லீ அங்கே கொஞ்ச காலம் செயலாளராக இருந்தார். அந்த நாட்டுச் சமூகக் காப்பீட்டுக்கு 1942-இல் அறிக்கை எழுதிய பெவரிட்ஜும் அங்கே வேலை பார்த்தவர். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889-இல் ஹல் ஹவுஸ் என்று இதே மாதிரி ஒரு இல்லம் தொடங்கியதே டாயின்பி ஹாலை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான்.

பல்கலைக்கழக விடுதிக்குள்ளேயே இதை வைத்துப் பார்த்தவர் அலெக்சாண்டர் மைக்கல்ஜான் என்ற கல்வியாளர். 1927-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல் காலேஜ்’ தொடங்கினார். மாணவர்கள் ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில் தங்கினார்கள், ஆசிரியர்களின் அறைகளும் அதே கட்டடத்தில். முதல் வருஷம் முழுக்கப் பழைய ஏதென்ஸ், இரண்டாம் வருஷம் அமெரிக்கா. இடையில் வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தன் சொந்த ஊரைப் பற்றி ஆராய்ந்து எழுத வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விஷயம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஏதென்ஸை ஒரு வருஷம் படித்துவிட்டுத் தன் ஊருக்குப் போய், இங்கே யார் முடிவெடுக்கிறார்கள், யார் பேச்சு எடுபடவில்லை என்று பார்க்கிறான். 1932-இல் மூடிவிட்டார்கள். ஆண்களுக்கு மட்டுமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, மாலை

சமையலறை.

2014 அக்டோபர். எங்கள் மாடிச் சமையலறையை ஹவுசிங் ஆபீஸ் பூட்டிவிட்டது. காரணம் எளிது: சிங்க்கில் மலை மாதிரிப் பாத்திரம், மைக்ரோவேவில் வெடித்த சூப், தரையில் என்னவென்றே தெரியாத ஒட்டல். கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள், ‘மறு அறிவிப்பு வரும் வரை’ என்று.

அதே வாரம் செமினாரில் நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தோம். பொதுமக்கள் பேசும் நேரம் எப்படி ஒதுக்கப்படுகிறது, ஒரு ஆட்சேபத்தை எந்தக் கட்டத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. தங்கள் கதவில் ஒட்டிய காகிதத்தை மட்டும் வானிலை மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். பூட்டியது யார், எந்த விதியில், அதை மாற்ற யாரிடம் போக வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

மூன்று வாரம் கழித்துத்தான் ஒரு மாடிக் கூட்டம் நடந்தது. துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவரை மாணவர்கள் அழைத்திருந்தார்கள். அவர் வந்து பத்து நிமிஷம் பேசினார். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வருகிறார். இந்த ஒரு சிங்க்குக்கு மட்டும் நாற்பது நிமிஷம் ஆகிறது. அந்த நாற்பது நிமிஷத்தை ஈடுகட்ட மூன்றாம் மாடிக் குளியலறையை அவசர அவசரமாக முடிக்க வேண்டியிருக்கிறது, அங்கிருந்து புகார் வந்தால் அது அவர் பெயரில்தான் ஏறுகிறது. அறையில் சத்தமே இல்லை. அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதே அன்று வரை 38 பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் முறை வைத்தார்கள், விடுதி மாணவர் மன்றமான ஹால் கவுன்சிலுக்குப் போனார்கள், அங்கிருந்து ஹவுசிங் ஆபீஸுக்கு எழுதினார்கள். நவம்பரில் கதவு திறந்தது. அந்த ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில் இதைவிட நல்ல பாடம் இல்லை.

மார்ச் 16

“அப்படியானால் எந்த விடுதியிலும் இது நடக்குமே, இதற்கு ஏன் தனி மாடி?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. சமையலறை எங்கும் பூட்டப்படும். பூட்டிய பிறகு உட்கார்ந்து பேச ஒரு வழக்கமான நேரமும், பேச்சை வகுப்பில் மறுபடி எடுத்து அலசுகிற ஒருவரும் மற்ற மாடிகளில் இருப்பதில்லை. தனி மாடியால் கிடைப்பது அவ்வளவுதான். கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாத மாடிகளையும் நான் மேற்பார்த்திருக்கிறேன்.

மார்ச் 18

இதை எல்லோரும் படியுங்கள். குறிப்பாக எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகள், எஃப்-1 (மாணவர் விசா) பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள்.

குடிமைப் பங்கேற்பு என்று பெயர் வைத்த எந்த மாடியிலும் செப்டம்பரில் முதலில் வருவது வாக்காளர் பதிவு மேசை. அதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு: 1998-இல் உயர்கல்விச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, கூட்டாட்சி உதவி பெறும் பெரும்பாலான கல்லூரிகள் மாணவர்களுக்கு வாக்காளர் பதிவுப் படிவம் கிடைக்க உண்மையான முயற்சி செய்ய வேண்டும். நல்ல விஷயம். 18 வயதில் வாக்குரிமை தந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் 1971-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் டெக்சாஸில் வாலர் கவுன்ட்டியில், பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் என்ற கறுப்பினப் பல்கலைக்கழக மாணவர்களை, “நீங்கள் இந்த ஊர்க்காரர்தானா” என்று தனியாக ஒரு கேள்வித்தாள் கொடுத்து வடிகட்டினார்கள். 1979-இல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே படிக்கிற ஊரில் ஓட்டுப் போடும் உரிமை அவர்களுக்கு உறுதியானது. செமினாரில் இந்த வழக்கைச் சொல்லும்போது பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்வேன். நார்த் கரோலைனாவில் கிரீன்ஸ்பரோவில் இருக்கும் நார்த் கரோலைனா ஏ அண்ட் டி வளாகத்தின் நடுவே 2016-இல் நாடாளுமன்றத் தொகுதி எல்லை ஓடியது. ஒரு பக்க விடுதிக்கு ஒரு தொகுதி, எதிர்ப்பக்க விடுதிக்கு வேறு தொகுதி. 2020 தேர்தலுக்குப் புது வரைபடம் வந்துதான் வளாகம் ஒன்றானது. விடுதி முகவரி என்பது சின்ன விஷயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்தது. 2015 செப்டம்பரில் எங்கள் லாபியில் மேசை போட்டிருந்தோம். மாடியில் நூற்றுக்கு நூறு பதிவு என்று ஒரு போட்டி வேறு, முடிக்கிற மாடிக்குப் பீட்சா. ஒரு பெண், எச்-4-இல் பத்து வயதில் வந்தவள், ஆங்கிலம் பேசினால் இங்கேயே பிறந்தவள் என்றுதான் நினைப்பீர்கள். தோழிகள் எல்லோரும் நிரப்புகிறார்கள், அவளும் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற கட்டத்துக்கு மேல் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கமாகப் போகாமல் இருந்திருந்தால்?

குடிமகன் அல்லாதவர் அந்தக் கட்டத்தில் டிக் செய்து கையெழுத்துப் போட்டால், குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னதாக ஆகும். 1996-இலிருந்து அது நாடு கடத்தும் அளவுக்கான காரணம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். “தோழிகள் செய்தார்கள், நானும் செய்தேன்” என்பதெல்லாம் அங்கே எளிதில் எடுபடாது.

அன்று ராத்திரியே போட்டியை நிறுத்தினேன். பீட்சாவை எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது: “அக்கா, எல்லோரும் கை தூக்கும்போது நான் மட்டும் கீழே வைத்திருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.” குடிமை பற்றிப் பாடம் எடுப்பவள் இதற்குத்தான் முதலில் பதில் வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 18, சற்று நேரம் கழித்து

கிரீன் கார்டு இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்களும் குடிமக்கள் அல்ல. மேலே அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 19

“ஓட்டுப் போட முடியாத பிள்ளைக்கு இந்த மாடியில் என்ன வேலை?” என்ற கேள்விக்கு:

நிறைய வேலை. நகர மன்றத்தின் பொதுமக்கள் நேரத்தில் குடியுரிமை கேட்டு யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டியதுதான். பேருந்து ஒன்பது மணிக்கு நின்றுபோகிறது என்று அங்கே போய்ப் பேசியவள் மேலே சொன்ன அதே பெண். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கொடுத்த நேரத்துக்குள் முடித்தாள். பேருந்து நேரம் மாறவில்லை. ஆனால் மறுநாள் மன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து, இன்னும் விவரம் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். ஏப்ரல் 1 அன்று விடுதியில் வாழ்பவர், குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஊரில் ஒரு தலையாக எண்ணப்படுவார். 2020-இல் கோவிடால் பிள்ளைகள் மார்ச்சிலேயே வீட்டுக்குப் போய்விட்டபோதும் கல்லூரி முகவரியில்தான் எண்ணினார்கள். “நான் இந்த ஊர்க்காரியே இல்லை” என்று சொல்லும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கும்.

மார்ச் 22

ஊருக்குள் போய்ச் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன்.

எங்கள் மாடிப் பிள்ளைகள் ஒரு சமூக மையத்தில் பள்ளி முடிந்த பிறகு சிறுவர்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள். செப்டம்பர் முழுக்கப் பயிற்சி, பின்னணிச் சோதனை, படிவம். உண்மையான வேலை அக்டோபரில்தான் தொடங்கும். டிசம்பர் முதல் வாரம் பரீட்சை என்று நின்றுவிடும். ஏழு வாரம். ஜனவரியில் பாதிப் பேருக்கு நேர அட்டவணை மாறிவிடும், வேறு முகங்கள் போகும்.

மையத்தின் பொறுப்பாளர் எங்களை ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு சிறுவன் ஜனவரி முழுக்கச் செவ்வாய்க்கிழமை தோறும் ஜன்னல் பக்கம் உட்காருகிறானாம், கண்ணாடி போட்ட அக்கா வரும் பஸ்ஸைப் பார்க்க. “உங்கள் செமஸ்டருக்கு ஒரு முடிவு இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது” என்றார். நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

1968-இல் இவான் இலிச் என்ற பாதிரியார், மெக்சிகோவில் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் முன்னால் நின்று, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அதைச் செமினாரில் படிப்போம். பிள்ளைகள் முதலில் கோபப்படுவார்கள், பிறகு சோர்ந்துபோவார்கள். சோர்வோடு விட்டுவிட்டால் அது ஆசிரியரின் தவறு. ஜன்னல் பையனின் கதைக்குப் பிறகு நாங்கள் செய்தது: முழு வருஷமும் வர முடிந்தவர்கள் மட்டும் குழந்தைகளோடு வேலை செய்யலாம். மற்றவர்களுக்கு உணவு வங்கியில் அடுக்குவது, தட்டச்சு, கூரை ஒழுகுவதைப் பற்றி யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பது. குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் எண்ணிக்கை பதினாறிலிருந்து ஐந்தானது. பொறுப்பாளர் அந்த வருஷம்தான் முதல் முறையாக எங்கள் விடுதிக்கு விருந்துக்கு வந்தார்.

மார்ச் 23

வேலை பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் இதில் எப்படிச் சேர முடியும் என்று கேட்டவருக்கு: ஃபெடரல் வொர்க் ஸ்டடி என்ற உதவி கிடைத்திருந்தால், அந்தச் சம்பளத்தோடே சமூகப் பணி செய்யலாம். ஒவ்வொரு கல்லூரியும் அந்த நிதியில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதி. பல பிள்ளைகளுக்கு இது தெரியாது, நூலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிடுவார்கள். நிதியுதவி அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். எஃப்-1, எச்-4 பிள்ளைகளுக்கு இந்த உதவி கிடையாது.

மார்ச் 27

சமையலறைக் கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்த மாடியில் அப்போது ஆர்.ஏ.யாக இருந்தவளிடம் நேற்று போனில் பேசினேன். நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். மூன்று வாரம் இல்லையாம், ஐந்து வாரம். அதுகூடப் பரவாயில்லை. துப்புரவு அம்மாவை ‘மாணவர்கள்’ அழைக்கவில்லையாம். ஒரே ஒரு பையன் அழைத்தான். யார் என்று அவள் சொன்னதும் எனக்கு முகம் ஞாபகம் வந்துவிட்டது. விவசாயக் குடும்பத்துப் பையன், உயரமாக இருப்பான், கூட்டத்தில் வாயே திறக்க மாட்டான். விடிகாலையில் எழுந்து பழக்கம். ஐந்தரை மணிக்குக் காபிக்காகக் கீழே போகும்போது அந்த அம்மாவைத் தினமும் பார்த்துப் பேசியிருக்கிறான். சிங்க் விஷயம் அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அவன் எங்கள் மாடிக்கு விண்ணப்பித்தவனே இல்லை. 38 கட்டிலில் 31-க்குத்தான் அந்த வருஷம் ஆள் கிடைத்தது. மீதி ஏழு கட்டிலை, தாமதமாகப் படிவம் கொடுத்தவர்களை வைத்து ஹவுசிங் ஆபீஸ் நிரப்பியது. அவன் அந்த ஏழு பேரில் ஒருவன். செமினாருக்கும் வந்ததில்லை.

மார்ச் 28

நேற்று எழுதியதிலிருந்து தூக்கம் சரியில்லை.

‘ஆர்வமுள்ள மாணவர்களுக்கு’ என்று போட்டு 300 சொல் கட்டுரை கேட்கிறோம். அந்தக் கட்டுரைகளை மூன்று வருஷம் நான் படித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பள்ளியில் மாணவர் மன்றத் தலைவர், விவாதக் குழு, மாதிரி ஐ.நா. சபை. எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள். விடிகாலையில் எழுந்து துப்புரவு அம்மாவிடம் காபிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவன் அந்தக் கட்டுரையை எழுதவே மாட்டான், எழுதினாலும் நான் எடுத்திருப்பேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

முன்பெல்லாம் அந்த ஏழு காலிக் கட்டில்களை நாங்கள் தோல்வியாகக் கணக்கில் எழுதுவோம். ‘நிரம்பவில்லை’ என்று. திட்டம் மறுபடி என் கையில் வந்தால் வேண்டுமென்றே ஏழு கட்டிலை அப்படி விட்டு வைப்பேன். பத்துகூட விடலாம். கட்டுரைக்குப் பதிலாக, “நீங்கள் தினமும் பேசுகிற, உங்கள் வயதில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்பேன்.

உங்கள் மகளின் கட்டுரைக்கும் இதையே சொல்கிறேன். விருதுகளை எழுத வேண்டாம்.

ஏப்ரல் 2

கம்ப்யூட்டர் சயின்ஸ் விஷயத்துக்கு நான் பதிலே சொல்லவில்லை, நினைவுபடுத்தியதற்கு நல்லது.

நேரம்: செமினார் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி. வெளி வேலை வாரம் இரண்டு, மூன்று மணி. போய்வரும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் சேர்ப்பதில்லை. அது ஒரு கிரெடிட் வகுப்பா மூன்று கிரெடிட்டா, பொதுப் பாடத் தேவை எதையாவது நிறைவேற்றுமா என்று பாருங்கள். நிறைவேற்றினால் அவள் எப்படியும் எடுத்தாக வேண்டிய ஒரு வகுப்பின் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும்.

2017-இல் கணினி படித்த ஒரு பையன் எங்களோடு இருந்தான். முதல் வாரமே சமூக மையத்துக்கு ஒரு ஆப் செய்து தருகிறேன் என்றான். பொறுப்பாளர், “ஆப் வேண்டாம் தம்பி, 400 காகிதப் படிவம் இருக்கிறது, அதைக் கணினியில் ஏற்று” என்ற பொருளில் சொல்லிவிட்டார். முகம் தொங்கிப்போய் வந்தான். ஆறு வாரம் ஏற்றினான். ஏற்றும்போது ஒன்றைக் கவனித்தான்: ஒரே குடும்பம் ஒரே வருஷத்தில் நாலு படிவம் நிரப்பியிருக்கிறது, நாலிலும் அதே முகவரி, அதே வருமானம், அதே பிள்ளைகளின் பெயர். நிதி கொடுக்கும் நாலு இடமும் தனித்தனியாகக் கேட்கின்றன. அவன் ஒரே படிவம் செய்து, அதிலிருந்து நாலு அச்சு வரும்படி வைத்தான். ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்தான். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும், “அந்த 400 படிவத்தைத் தட்டச்சு செய்யாமல் இருந்திருந்தால் தப்பான ஒன்றைக் கட்டியிருப்பேன்” என்று எழுதினான். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 6

அரசியல் சண்டை வராதா என்று பலர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். வரும்.

2016 நவம்பர் 8, அதிபர் தேர்தல் ராத்திரி. லவுஞ்சில் டிவி. முடிவு தெரிய ஆரம்பித்ததும் ஒரே அறையில் வாழும் இரண்டு பெண்களில் ஒருத்தி அழுதாள், ஒருத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டும் நிஜம். இரண்டு பேரும் ஆகஸ்டிலிருந்து ஒரே ஷாம்பூ பாட்டிலைப் பகிர்ந்துகொண்டவர்கள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் பேச்சு இல்லை. பத்தாம் நாள் ஒருத்தி அறை மாற்றம் கேட்டு வந்தாள்.

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இத்தனை வருஷமாக அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இன்னும் ஒரு வாரம் பொறு என்று சொல்லியிருக்கலாமா? அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி தூங்குகிற இடத்தை விவாத மேடையாக்கும்படி ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்பது நியாயமா? கேட்காவிட்டால் பிறகு இந்த மாடி எதற்கு? இரண்டு பக்கமும் எனக்கு வாதம் இருக்கிறது.

மே மாதம் அறை காலி செய்யும்போது ஒருத்தியின் ஃப்ரிட்ஜை இரண்டு பேரும் சேர்ந்து படியில் இறக்கியதைப் பார்த்தேன். பேசிக்கொண்டார்களா என்று தெரியாத தூரம்.

ஏப்ரல் 7

“நிர்வாகம் ஏன் இவற்றுக்குப் பணம் செலவழிக்கிறது?” என்ற கேள்விக்குச் சுருக்கமாக: முதலாண்டு முடிவில் பிள்ளைகள் விட்டுப் போகாமல் இருக்க. ஜார்ஜ் கூ என்ற கல்வி ஆய்வாளர் 2008-இல் மாணவர்களுக்கு அதிகப் பலன் தரும் நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். முதலாண்டு செமினார், கற்றல் குழு, சேவையோடு கற்றல் மூன்றும் அதில் உண்டு. இந்த மாடியில் மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதால் நிர்வாகங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதில் தவறில்லை. ஆனால் ப்ரோஷரில் போட்டுவிட்டுப் பேராசிரியர் ஒருவர்கூட மாடிப்பக்கம் வராத இடங்களும் இருக்கின்றன. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 20

இடம் கிடைத்தவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும் அட்மிட் டேக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே மேசையில் நிற்கும் புன்னகை மாணவரிடம் கேட்காதீர்கள். முடிந்தால் விடுதிக்கே போய், லிஃப்ட் பக்கம் வருகிற யாரையாவது நிறுத்திக் கேளுங்கள்.

பேராசிரியர் கடைசியாக எப்போது இந்த மாடியில் சாப்பிட்டார்? போன வருஷம் நீங்களாக மாற்றிய ஒரு விதி எது? இந்த இரண்டாவது கேள்விக்கு ஒருவருக்கும் பதில் தெரியாவிட்டால், அங்கே பிள்ளைகளை ஊருக்கு அனுப்புகிறார்கள், சொந்த மாடியை ஆள விடவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. எந்த அமைப்போடு வேலை செய்கிறார்கள், எத்தனை வருஷமாக என்றும் கேளுங்கள். வருஷா வருஷம் அமைப்பு மாறினால், அந்தப் பக்கம் யாரோ சலித்துப்போயிருக்கிறார்கள்.

தனிக் கட்டணம் உண்டா, நடு வருஷத்தில் விலகினால் அறையையும் விட வேண்டுமா என்பதை மட்டும் ஹவுசிங் ஆபீஸிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஏப்ரல் 21

வாக்காளர் மேசையில் குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மார்ச் 18 குறிப்பை எழுதியவளே இதை நேற்று மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 29

விண்ணப்பித்துவிட்டாள் என்று படித்தேன். கட்டுரையில் பள்ளி பஸ் ஓட்டுநரைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்பதைக் கேட்டு மிகவும் சந்தோஷம்.

ரூம்மேட் கேள்விக்கு: வழக்கமாக அறையில் இருவரும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தோழியைப் பேசி வைத்திருந்தால், அந்தப் பெண்ணும் தனியாக விண்ணப்பித்து, இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் குறிப்பிட வேண்டும். கடைசித் தேதிக்குப் பிறகு மாற்ற மாட்டார்கள். தூங்கும் நேரம் பற்றிய கேள்வியில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். பத்தரைக்குத் தூங்குவேன் என்று அம்மா பக்கத்தில் இருக்கும்போது எழுதிவிட்டு, இரண்டு மணி வரை விளக்கெரிக்கிற பிள்ளைகளால்தான் செப்டம்பரில் எனக்குப் பாதி வேலை வந்தது.

ஆகஸ்டில் மூவ்-இன் முடிந்ததும் இங்கே எழுதுங்கள். அந்த மாடியில் காலையில் யார் எத்தனை மணிக்குச் சுத்தம் செய்ய வருகிறார்கள் என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.